பள்ளிக்கூடமும் செல்போனும்: ஒரு முப்பது வருசக் கதை

சம்பா அறுவடை ஓடிக்கிட்டு இருந்ததால ரெண்டு மூணு வாரமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. மெஷினுக்குக் காத்துக் கிடந்தது, கொள்முதல் நிலையத்துல நெல்லைக் கொட்டி வச்சுட்டுக் காவல் இருந்தது எல்லாம் தனிக் கதை. அதை அப்புறம் எழுதுறேன். இப்ப எழுத வந்தது வேற விசயம்.

போன வாரம் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல மேலாண்மைக் குழுக் கூட்டம். குடிதண்ணி, கழிப்பறை, சுற்றுச்சுவர்னு வழக்கமா பேசுற எதையும் பேசல. பேச்சு முழுக்க செல்போன்தான். ஒன்பதாவது படிக்கிற ஒரு பையன் பையில போன் இருந்துச்சுன்னு ஆசிரியர் வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டார். முழுப் பரீட்சை முடிஞ்சுதான் தருவேன்னுட்டார். பையனோட அம்மா கூட்டத்துக்கே வந்துட்டாங்க. "சார், அது அவன் போன் இல்ல சார். வீட்டுல இருக்கிறதே அது ஒண்ணுதான். உரிமைத் தொகை மெசேஜ் அதுலதான் வருது, பேங்க் ஓடிபி அதுலதான் வருது. அவங்கப்பா திருப்பூர்லேர்ந்து ராத்திரி பேசுறதும் அதுலதான்" என்றார். ஆசிரியர் சொன்னதிலும் தப்பில்லை. "ஏம்மா, இவன் ஒருத்தனுக்கு விட்டா நாளைக்கு நாப்பது பேர் கொண்டு வருவான். பாடம் நடத்துறப்போ டெஸ்க்குக்குக் கீழ ரீல்ஸ் ஓடுது. நான் என்னதாம்மா பண்றது?"

ரெண்டு பேர் சொன்னதும் நியாயம். கூட்டத்துல ஒரு முடிவும் வரல. ஆனா அங்கே ஒருத்தர், "எங்க காலத்துல இந்தப் பிரச்சினையே இல்ல, இப்பத்தான் எல்லாம் கெட்டுப்போச்சு" என்றார். அதுதான் எனக்கு உறுத்துச்சு. பள்ளிக்கூடத்துல போனைத் தடுக்கணும்ங்கிற பேச்சு நேத்து வந்ததில்லை. அதுக்கு ஒரு நீளமான வரலாறு இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டா, எது வேலைக்கு ஆகும் எது ஆகாதுன்னு கொஞ்சம் புரியும்னு நினைக்கிறேன்.

பி.பி. நம்பர் காலம்

இன்னைக்குப் பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு பி.பி. நம்பர்னா என்னன்னு தெரியாது. அப்ப ஊருக்கு ஒண்ணோ ரெண்டோ வீட்டுலதான் போன் இருக்கும். மில்லுக்காரர் வீடு, இல்லைன்னா உரக்கடை. கல்யாணப் பத்திரிகையில, லெட்டர்ல எல்லாம் அந்த நம்பரைப் போட்டு பக்கத்துல 'பி.பி.' என்று எழுதுவாங்க. போன் வந்தா அந்த வீட்டுப் பையன் ஓடிவந்து, "மாமா, மெட்ராஸ்லேர்ந்து போன், பத்து நிமிசம் கழிச்சுத் திரும்பப் பண்றாங்களாம்" என்பான். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடணும். அப்புறம் மஞ்சள் போர்டு போட்ட எஸ்டிடி பூத் வந்துச்சு. ராத்திரி நேரம் ஆக ஆக ரேட்டு குறையும்னு சாப்பிட்டு முடிச்சு வரிசையில நிப்போம்.

இந்தியாவுல முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ஆம் தேதி. மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அதுக்கப்புறமும் பல வருசம் அது பணக்காரங்க சாமான்தான். நாம பேசினாலும் காசு, நமக்கு வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. 2003-இல்தான் வர்ற அழைப்புக்குக் காசு இல்லைன்னு ஆச்சு. அதே வருசம் நோக்கியா 1100 வந்தது. அந்த போனை ஊர்க்காரங்க வாங்கினதுக்குப் பாதிக் காரணம் அதுல இருந்த டார்ச். ராத்திரி மும்முனை கரண்ட் வந்தா வரப்புல நடந்துபோய் மோட்டார் போட அது போதும். பிற்பாடு போன் பண்ணியே மோட்டாரைப் போடுற ஸ்டார்ட்டரும் வந்துச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, கிராமத்துக்குள்ள செல்போன் வேலைச் சாமானாத்தான் வந்துச்சு. மம்மட்டி, மருந்தடிக்கிற டேங்க் மாதிரி. அப்ப அது அப்பாவோட சட்டைப் பையில இருந்துச்சு. பிள்ளைங்க கையில இல்லை. அதனால அன்னைக்குக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தடை என்ற ஒண்ணே தேவைப்படல. "எங்க காலத்துல இந்தப் பிரச்சினையே இல்ல" என்றால் காரணம் இதுதான். நாம ஒழுக்கமா இருந்தோம்னு இல்லை, நம்மகிட்ட போன் இல்லை.

முதல் பயம் கேமராவால வந்தது

தடை முதல்ல வந்தது நகரத்துல. போன்ல கேமரா வந்ததுதான் அதுக்குக் காரணம். 2004 கடைசியில் டெல்லியில் பள்ளி மாணவர்கள் சம்பந்தப்பட்ட ஒரு வீடியோ செல்போன் வழியாகப் பரவி நாடே பேசியது. அந்த வீடியோவை யாரோ விற்பனைக்குப் போட்டதுக்காக ஓர் இணையதளத்தின் தலைமை அதிகாரியே கைதானார். அதுவரைக்கும் 'வகுப்புல மணியடிச்சுத் தொந்தரவு' என்ற அளவில் இருந்த பேச்சு, அதுக்கப்புறம் 'பொம்பளப் பிள்ளைங்க மானம்' என்ற பேச்சாக மாறியது. 2005-இல் அண்ணா பல்கலைக்கழகம் ஜீன்ஸ், டி-சர்ட் கூடாது என்று உடைக் கட்டுப்பாடு கொண்டுவந்தப்போ கூடவே செல்போனுக்கும் தடை போட்டது. பேப்பர்ல பக்கம் பக்கமா விவாதம் நடந்துச்சு. 2009-இல் சிபிஎஸ்இ தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. மாணவர் போன் கொண்டுவரக் கூடாது என்பதோடு, ஆசிரியரும் வகுப்பறை, ஆய்வகம் மாதிரி இடங்களில் போன் பயன்படுத்தக் கூடாது என்றது.

அந்தக் காலத்துத் தடைகள் எல்லாத்துக்கும் ஒரு பொது குணம் உண்டு. செல்போன் ஒரு ஆடம்பரச் சாமான், படிப்புக்கும் அதுக்கும் ஒட்டுறவே கிடையாது என்ற நினைப்பில் போட்ட தடைகள் அவை. தங்கச் சங்கிலி போட்டுக்கிட்டுப் பள்ளிக்கு வராதேன்னு சொல்ற மாதிரி. அதனால அதைச் சொல்றதும் சுலபமா இருந்துச்சு, கேட்கறதும் சுலபமா இருந்துச்சு.

அரசாங்கமே திரையைக் கொடுத்தது

அப்புறம் காத்து திசை மாறிச்சு. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பிளஸ் டூ படிக்கிற அரசுப் பள்ளிப் பிள்ளை லேப்டாப்போட வீட்டுக்கு வந்தப்போ, அந்தக் குடும்பத்துல முதல் கம்ப்யூட்டர் அதுதான். எங்க தெருவுல அதுல படிச்சவங்களும் உண்டு, பென் டிரைவ்ல படம் ஏத்திக்கிட்டு வந்து மாரியம்மன் கோயில் திண்ணையில கூட்டமா உட்கார்ந்து பார்த்தவங்களும் உண்டு. ஆனா ஒரு விசயம் அன்னைக்கு உறுதியாச்சு. திரை என்பது படிப்புக்கு எதிரி இல்லை, படிப்புக்கான சாமான்னு அரசாங்கமே சொல்லிடுச்சு.

2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்தது. ஒரு ஜிபியை மாசம் பூரா எண்ணி எண்ணிச் செலவழிச்ச ஊர், தினம் ஒரு ஜிபி தீரலையேன்னு கவலைப்பட ஆரம்பிச்சது. 2018-இல் வந்த புதுப் பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு அச்சடிச்சு வந்தது. போனைக் காட்டினா அந்தப் பாடத்துக்கு வீடியோ வரும். நல்ல யோசனைதான். ஆனா யார் போன்? பள்ளிக்குள்ள பிள்ளை போன் கொண்டுவரக் கூடாது, புத்தகத்துல இருக்கிற கோடைப் பார்க்க போன் வேணும். அப்போ அந்தக் கோடு யாருக்குன்னா, வீட்டுல இருக்கிற அப்பா அம்மா போனுக்குத்தான். பள்ளிக்கூடத்துப் பாடம் வீட்டு போனுக்குள்ள நுழைஞ்ச முதல் வாசல் அது. அன்னைக்கு அதை நாம யாரும் பெருசா எடுத்துக்கல.

அந்த வருசம் வரைக்கும் எல்லா வீட்டுலயும் ஸ்மார்ட்போன் இருந்துச்சான்னா இல்லை. கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பை நாடு முழுக்கக் கணக்கெடுக்கிற 'அசர்' அறிக்கை, 2018-இல் ஸ்மார்ட்போன் இருந்த கிராமத்து வீடுகள் சுமார் 36 சதவீதம் என்கிறது. அதே கணக்கு 2022-இல் கிட்டத்தட்ட 75 சதவீதம். நாலு வருசத்துல ரெண்டு மடங்குக்கு மேல. இந்த நாலு வருசத்துக்கு நடுவுலதான் கொரோனா வந்துச்சு.

ஆடு வித்து வாங்கின போன்

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினாங்க. பதினஞ்சு நாள்ல திறந்துடுவாங்கன்னு நினைச்சோம். பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு 2021 ஜனவரியில் திறந்து, மறுபடி மூடி, 9 முதல் 12 வரைக்கும் செப்டம்பர் 1-ஆம் தேதியும், 1 முதல் 8 வரைக்கும் நவம்பர் 1-ஆம் தேதியும் திறந்தாங்க. சின்னப் பிள்ளைங்க ஒண்ணரை வருசத்துக்கு மேல பள்ளிக்கூட வாசலையே மிதிக்கல.

அந்த நேரத்துல 2019-லேயே தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி கொஞ்சம் கை கொடுத்துச்சு. ஆனா டிவி ஒருவழிப் பாதை, சந்தேகம் கேட்க முடியாது. வாத்தியாருங்க வாட்ஸ்அப் குரூப் தொடங்கினாங்க. வீட்டுப்பாடம் போட்டோவா வரும், எழுதி போட்டோ எடுத்து அனுப்பணும். "போன் இல்லைன்னா படிப்பு இல்லை" என்ற நிலைமை ஒரே மாசத்துல வந்துச்சு. எங்க ஊர்ல ஆடு வித்து போன் வாங்கினாங்க. தோட்டை அடகு வச்சு வாங்கினாங்க. ரெண்டு பிள்ளை இருக்கிற வீட்டுல ஒரு போனை வச்சுக்கிட்டு, அண்ணனுக்குக் காலையில தங்கச்சிக்கு சாயங்காலம்னு பங்கு போட்டாங்க. சிக்னல் கிடைக்க மேல்நிலைத் தொட்டி ஏணியில ஏறி உட்கார்ந்து பாடம் கேட்ட பிள்ளைங்களை நானே கீழே இறங்கச் சொல்லிச் சத்தம் போட்டிருக்கேன். கல்லூரிப் பிள்ளைங்களுக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரைக்கும் தினம் 2 ஜிபி டேட்டா கார்டு இலவசமாத் தர்றதா அரசாங்கமே அறிவிச்சுச்சு. அது எவ்வளவு பெரிய மாற்றம் பாருங்க. பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி செல்போனைத் தடை பண்ணின அதே கல்லூரி வாசலுக்குத்தான் இந்த டேட்டா கார்டும் போச்சு.

அதே சமயத்துல போனுக்குள்ள வேற கதை நடந்துச்சு. டிக்டாக்கை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடுக்கச் சொன்னது. கொஞ்ச நாளில் தடை விலகியது. 2020 ஜூன் 29-இல் மத்திய அரசே டிக்டாக்கைத் தடை பண்ணியது. பத்து நாள்கூட ஆகல, இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்துடுச்சு. செப்டம்பரில் பப்ஜியைத் தடை பண்ணினாங்க. பையன்கள் ஃப்ரீ ஃபயருக்குப் போனாங்க. 2022 பிப்ரவரியில் அதையும் தடை பண்ணினாங்க. பையன்கள் கையில போன் இருந்துச்சு, நேரம் இருந்துச்சு, விளையாட வேற ஒண்ணு கிடைச்சுச்சு. மடையை மட்டும் அடைச்சா தண்ணி வேற பக்கம் வரப்பை உடைச்சுக்கிட்டுப் போகும்னு நமக்குத் தெரியாதா?

திரும்பி வந்த பிள்ளை வேற பிள்ளை

பள்ளி திறந்தப்போ வாத்தியாருங்க முன்னாடி வந்து உட்கார்ந்தது ஒண்ணரை வருசம் போனோட வாழ்ந்த பிள்ளைங்க. நாப்பது நிமிசம் ஒரே இடத்துல உட்கார முடியல. 2022-இல் வகுப்பறையில பெஞ்சை உடைக்கிறது, ஆசிரியரை எதிர்த்துப் பேசுறதுன்னு வீடியோ வீடியோவா வந்ததை எல்லாரும் பார்த்தோம். அந்த வீடியோவை எடுத்ததும் மாணவர் கையில இருந்த போன்தான். அந்தச் சமயத்துல பள்ளிக்கு போன் கொண்டு வந்தால் பறிமுதல் என்ற எச்சரிக்கை திரும்பவும் கடுமையா வந்துச்சு.

ஆனா 2005-இல் போட்ட தடைக்கும் 2022-க்கு அப்புறம் போட்ட தடைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அதை நாம பார்க்கத் தவறுறோம்.

ஒண்ணு, அன்னைக்குப் பறிச்சது பிள்ளையோட விளையாட்டுச் சாமானை. இன்னைக்குப் பறிக்கிறது பாதி நேரம் குடும்பத்தோட போனை. விவசாயிக்கு வருசம் 6,000 ரூபாய் வர்ற பிஎம் கிசானுக்கு ஓடிபி, கேஸ் புக்கிங், நெல் போட்டதுக்குப் பணம் வந்துச்சான்னு பார்க்கிற மெசேஜ், எல்லாம் அதுலதான்.

ரெண்டாவது, கொரோனாவுக்காக ஆரம்பிச்ச வாட்ஸ்அப் குரூப்பைப் பள்ளிக்கூடங்கள் கலைக்கவே இல்லை. சாயங்காலம் நாலரை மணி வரைக்கும் போன் பாவம். ஆறரை மணிக்கு "நாளைக்குள்ள இந்த புராஜெக்டை முடிச்சுட்டு வரவும், மாடல் படம் கீழே" என்று குரூப்புல மெசேஜ் வரும். பிள்ளை அம்மாகிட்டேர்ந்து போனை வாங்கிட்டு உள்ளே போனா, புராஜெக்ட் பத்து நிமிசம், மீதி ரெண்டு மணி நேரம் வேற. கேட்டா, "ஸ்கூல் வேலைம்மா." அதுக்கு மேல கேட்க அந்தத் தாய்க்கு வழி இல்லை. ஆசிரியர்களையும் குத்தம் சொல்ல முடியாது. வருகைப் பதிவிலேர்ந்து மதிப்பீடு வரைக்கும் அவங்களுக்கே எல்லாம் செயலியில வந்துடுச்சு. போன் பார்க்காதேன்னு சொல்ற ஆசிரியர் கையிலயும் வேலைக்காக போன் இருக்கு.

மூணாவது, பொம்பளப் பிள்ளைங்க. டவுன் பஸ் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு இருட்டுல விலக்கு ரோட்டுல நிக்கிற பிள்ளைக்கு ஒரு போன் துணை. "பஸ் விட்டுடுச்சுப்பா"ன்னு சொல்ல அதுதான் இருக்கு. பையன் பையில போன் கிடைச்சா போனோட விசயம் முடிஞ்சுது. பொண்ணு பையில போன் கிடைச்சா, "யார்கூட பேசுறா?" என்ற கேள்வி கிளம்பும். படிப்பை நிறுத்திடலாமா, மாப்பிள்ளை பார்க்கலாமான்னு வீட்டுல பேச்சு ஓடும். பதினஞ்சு பதினாறு வயசுப் பிள்ளைக்கு. ஒரே தடை ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி விழுறதில்லை. பள்ளிக்கூடத்துல போனைக் கைப்பற்றி, அதை எப்படி, யார் முன்னாடி வீட்டுக்குச் சொல்றாங்கங்கிறதுல ஒரு பொண்ணோட படிப்பே அடங்கியிருக்கலாம்.

வெளியூர்க்காரங்க என்ன பண்ணினாங்க

இந்த வாதம் நம்ம ஊர்ல மட்டும் இல்லை. நியூயார்க் நகரத்துக் கதை எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம். மேயர் ப்ளூம்பெர்க் காலத்துல, 2006 வாக்கில் அங்கே பள்ளித் தடையைக் கடுமையா அமலாக்கினாங்க. வாசல்ல மெட்டல் டிடெக்டர் வச்ச பள்ளிகளில் போன் உள்ளேயே போக முடியாது. பிள்ளைங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? பள்ளிக்கு வெளியே வேன் நிறுத்தி, ஒரு நாளைக்கு ஒரு டாலர் வாங்கிக்கிட்டு போனைப் பத்திரமா வச்சிருந்து தர்ற தொழிலே உருவாச்சு. நம்ம ஊர்ல கோயில் வாசல்ல செருப்பு விட்டுட்டு டோக்கன் வாங்குற மாதிரி. மெட்டல் டிடெக்டர் பெரும்பாலும் ஏழைப் பிள்ளைங்க படிக்கிற பள்ளிகளில்தான் இருந்துச்சு. வசதியான பள்ளிகளில் பையில போன் இருந்தாலும் யாரும் சோதிக்கல. ஆக, தடைக்குக் காசு கட்டினது ஏழைப் பிள்ளை. 2015-இல் அடுத்த மேயர் அந்தத் தடையை நீக்கினார். பத்து வருசம் கழிச்சு, 2025 செப்டம்பரிலிருந்து நியூயார்க் மாநிலம் முழுக்கப் பள்ளி தொடங்குற மணியிலேர்ந்து முடியுற மணி வரைக்கும் மறுபடி தடை. ஆனா இந்த முறை போனை எங்கே வைக்கிறது, பெற்றோர் அவசரத்துக்கு எப்படித் தொடர்பு கொள்றதுன்னு பள்ளிகள் முன்கூட்டியே ஏற்பாடு பண்ணணும்னு சேர்த்திருக்காங்க.

பிரான்ஸ் 2018-இல் சட்டம் போட்டது. பிரேசிலும் தென்கொரியாவும் 2025-இல் சட்டம் கொண்டுவந்தன. 2023-இல் யுனெஸ்கோ கணக்கெடுத்தப்போ பள்ளியில் போனைத் தடுத்த நாடுகள் நாலில் ஒன்றுக்கும் குறைவு. 2024 முடிவில் அது 40 சதவீதம் ஆயிடுச்சு. உலகமே அந்தப் பக்கம் போகுது.

நம்ம நாட்டு நீதிமன்றங்கள் கொஞ்சம் வேற மாதிரி யோசிச்சிருக்கு. கேரளாவில் ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 மணி வரை போன் கூடாதுன்னு விதி போட்டாங்க. ஒத்துக்காத ஒரு மாணவியை விடுதியை விட்டு வெளியேத்தினாங்க. 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று சொல்லி, அந்த மாணவியைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அது வயசு வந்த பிள்ளைங்க விசயம். பள்ளிப் பிள்ளைங்க விசயமா 2025 பிப்ரவரி கடைசியில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. முழுத் தடை விரும்பத்தக்கதும் இல்லை, நடைமுறைக்கு ஆகக்கூடியதும் இல்லை. முடிந்த இடத்தில் வந்ததும் போனை வாங்கி வைத்து, போகும்போது தரலாம். வகுப்பில் கண்டிப்பாகக் கூடாது. பாதுகாப்புக்காகப் பெற்றோரோடு பேசுவதைத் தடுக்கக் கூடாது. விதி போடும்போது பெற்றோர், ஆசிரியர்களைக் கலந்து பேசணும். சாரம் இவ்வளவுதான்.

சரி, தடுத்தா படிப்பு வருமா? இங்கிலாந்தில் 2015-இல் வெளியான ஒரு ஆய்வு, போனைத் தடுத்த பள்ளிகளில் மதிப்பெண் கூடியது, அதிலும் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத்தான் லாபம் அதிகம் என்றது. முதல் பெஞ்சுப் பிள்ளைகளுக்கு எந்த வித்தியாசமும் இல்லையாம். இது நமக்கு முக்கியமான சேதி. ஏன்னா வீட்டுல சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைக்கு வகுப்பறையில கிடைக்கிற நேரம்தான் எல்லாமே. ஆனா 2025-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் 30 பள்ளிகளில் பார்த்தப்போ, போனைத் தடுத்த பள்ளிப் பிள்ளைங்களுக்கும் தடுக்காத பள்ளிப் பிள்ளைங்களுக்கும் மனநலத்தில் வித்தியாசம் தெரியல. காரணம், பள்ளியில் குறைஞ்ச போன் நேரம் மொத்த நேரத்தைப் பெருசா குறைக்கல.

ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா ஒண்ணு புரியுது. வகுப்பறையில போனைத் தடுக்கறது நல்லது, அது வேணும். ஆனா பள்ளிக்கூட கேட்டோட நிக்கிற தடை பாதித் தடைதான். போன் நம்ம வீட்டுலேர்ந்து போகுது, நம்ம வீட்டுக்கே திரும்பி வருது.

ஏழு மணிச் சங்கு

மகாராஷ்டிரத்தில், சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ்னு ஒரு கிராமம். நம்ம ஊர் மாதிரி விவசாயக் கிராமம்தான். கொரோனாவுக்கு அப்புறம் பிள்ளைங்க போனே கதின்னு கிடக்குறதைப் பார்த்துட்டு, 2022 சுதந்திர தினத்துல ஊர் கூடி ஒரு முடிவு எடுத்தாங்க. தினம் சாயங்காலம் 7 மணிக்கு ஊர்ல சங்கு ஊதும். ஒண்ணரை மணி நேரம் எல்லா வீட்டுலயும் டிவியும் போனும் அணைச்சுடணும். பிள்ளைங்க படிக்கணும். 8.30-க்கு மறுபடி சங்கு. அப்புறம் அவங்கவங்க இஷ்டம்.

இதுல நான் கவனிச்சது, அந்தச் சங்கு பிள்ளைங்களுக்கு மட்டும் ஊதல. அப்பாவும் போனை வைக்கணும், அம்மாவும் சீரியலை நிறுத்தணும். நியூயார்க்குக்கும் இந்த ஊருக்கும் வித்தியாசமே இங்கேதான். அங்கே பெரியவங்க பிள்ளைங்களுக்கு விதி போட்டாங்க. இங்கே ஊர் தனக்குத் தானே விதி போட்டுக்கிச்சு.

இது நமக்குப் புதுசு இல்லை. வாய்க்கால்ல தண்ணி பத்தலைன்னா நாம வாய்க்காலையா மூடுறோம்? முறை வைக்கிறோம். தலைமடைக்கு இத்தனை நாள், கடைமடைக்கு இத்தனை நாள். முறை மீறி ராத்திரி மடையைத் திறக்கிறவனைப் போலீஸ் வந்து பிடிக்கறதில்லை, ஊர் கேட்கும். பெரிய பண்ணைக்கும் கால் காணிக்காரனுக்கும் ஒரே முறைங்கிறதாலதான் அது நிக்குது. போனுக்கும் வேண்டியது முறைதான்.

அடுத்த கூட்டத்துல நான் நாலு விசயம் கேட்கப் போறேன். முதல்ல, பள்ளிக்கூடத்துல பூட்டு போட்ட ஒரு அலமாரி. கொண்டுவந்தே ஆகணும்ங்கிற பிள்ளை காலையில வச்சுட்டு சாயங்காலம் எடுத்துக்கணும், நோட்டுல ஒரு கையெழுத்து. மாசக்கணக்குல பூட்டி வைக்கிறது வேண்டாம், அன்னைக்கு வாங்கினதை அன்னைக்கே பெத்தவங்க கையில கொடுத்துடணும். ரெண்டாவது, ஆபீஸ் ரூம்ல பிள்ளைங்க கேட்டா பேசக்கூடிய ஒரு போன். பழைய பி.பி. நம்பர் மாதிரி. பஸ் வரலைன்னா வீட்டுக்குச் சொல்ல அது போதும். மூணாவது, வீட்டுப்பாடம் டைரியிலதான் எழுதிக் கொடுக்கணும். வாட்ஸ்அப் குரூப் லீவு அறிவிப்புக்கும் அவசரத்துக்கும் மட்டும். நாலாவது, பொம்பளப் பிள்ளைகிட்ட போன் இருந்தா அதை வகுப்புல வச்சு விசாரிக்கக் கூடாது. ஒரு டீச்சர் தனியா, அம்மாவைக் கூப்பிட்டுப் பேசணும்.

அஞ்சாவதும் ஒண்ணு இருக்கு. ஆனா அது பள்ளிக்கூடத்துக்கிட்ட கேட்கறது இல்லை, நம்மகிட்டயே கேட்டுக்கறது. அதை கிராம சபையிலதான் வைக்கணும். சாயங்காலம் ஏழு மணிக்குக் கோயில் மைக்ல ஒரு மணி அடிச்சா, டீக்கடையில ரீல்ஸ் பார்த்துக்கிட்டு இருக்கிற நாமளும் போனைக் கவுத்து வைப்போமா? வைப்போம்னு கை தூக்குறவங்க எத்தனை பேர்னு பார்க்கணும். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு, அதுக்குள்ள ஒரு மாசம் நடத்திப் பார்த்தாகூட போதும். உங்க ஊர்ல இப்படி ஏதாவது முறை வச்சிருந்தா எனக்குச் சொல்லுங்க, எடுத்துட்டுப் போய்ப் பேச உதவும். நெல் கதையை அடுத்த வாரம் எழுதுறேன்.